புட்டியில் வரும் கண்ணும் சட்டியில் வரும் கண்ணும்

(பீடோங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, ஓய்வூதியம் என்று பேசிப் பழகிய மேடையில் இன்று கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது நமக்குப் புறம்பான விஷயம் என்று எவரும் எண்ண வேண்டாம். பால்வெட்டுக் கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். ஒரு நூல் மேலே நின்றால் பால் வராது. அந்த ஒரு நூலைப் பார்ப்பது கையல்ல, கண். செம்பனைக்குப் போனவர்களுக்கும் அப்படித்தான். முப்பது நாற்பது அடி உயரத்தில் இருக்கும் குலை பழுத்ததா, காயா என்று கீழே நின்று பார்த்துச் சொல்ல வேண்டியதும் கண்தான். கண் போனால் கூலி போயிற்று.

இதோ, நம் கையில் ஒரு புட்டி இருக்கிறது. இதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இந்த வட்டாரத்தில் இதைப் போல ஏழெட்டுப் பெயர்களில் விற்கிறார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது விளம்பரமாகிவிடும். சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கிறோம்: லூட்டின், ஸீயாஸாந்தின், பீட்டா கரோட்டின், ஏதோ ஒரு காட்டுப் பழத்தின் சாறு. விலை மாதத்துக்கு நூற்றறுபது வெள்ளி. இதை விற்க வருகிறவர் நம் பிள்ளைதான். நல்ல சட்டை, நல்ல தமிழ். "அக்கா, ஆறு மாதம் சாப்பிடுங்கள், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம். புரை கரைந்துவிடும். சர்க்கரையால் வரும் மங்கலும் போய்விடும்" என்கிறார்.

இதே மண்டபத்தில்தான் அவர் அதைச் சொன்னார். மண்டபத்தை அவருக்கு வாடகைக்கு விட்டவர்கள் நாம். அன்று தேநீரும் வடையும் அவர் செலவு. நாமும் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினோம். இன்று இந்த மேடையில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று புட்டி வாங்கியவர்களில் ஒரு மூதாட்டி. முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். பதினான்கு மாதம் ஒரு நாள் தவறாமல் அந்த மாத்திரையை விழுங்கினார். பார்வை தெளியவில்லை. "இன்னும் உடம்பில் ஏறவில்லை போலிருக்கிறது, தம்பி" என்று நம்மிடம் சொன்னார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரை வாங்கவே பணம் போதாமல் கிளினிக்குக்குப் போவதைக் குறைத்துக் கொண்டிருந்தார். கடைசியில் பேரப்பிள்ளை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். உள்விழித் திரையில் இரத்தம் கசிந்து வெகு காலம் ஆகியிருந்தது. ஒரு கண் மீளாது என்றார்கள். மற்றொன்றை லேசர் கதிர் வைத்து ஓரளவு காப்பாற்றினார்கள். இரண்டாயிரத்து இருநூறு வெள்ளிக்கு மேல் அவர் செலவழித்திருந்தார். பணம் போனது பெரிதல்ல. பதினான்கு மாதம் போனதே, அதை எந்த வட்டியோடு திருப்பி வாங்குவது?

ஆகவே இந்தப் புட்டியில் உள்ளது என்ன, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை முழுவதுமாகத் தெரிந்து கொள்ள வேண்டும். "எல்லாம் பொய்" என்று சொல்லிவிட்டுப் போனால் அதுவும் பொய்யாகிவிடும். இந்தப் பொருள்களுக்குப் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. அதில் பாதி நம் தமிழ்ப் பிள்ளைகளின் கண்ணிலேயே எழுதப்பட்ட சரித்திரம்.

மாலைக்கண்

விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கியவர்கள் இங்கே பலர் உண்டு. இருட்டில் கண் எப்படி வேலை செய்கிறது? கண்ணின் உட்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம். அதில் இரண்டு வகை உயிரணுக்கள். ஒரு வகை பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும். மற்றது, கோல் போன்ற வடிவம் கொண்டது, மங்கல் வெளிச்சத்துக்கு. இந்தக் கோல்களுக்குள் செந்நீல நிறமான ஒரு சாயம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும். அந்த வெளுப்பே செய்தியாகி மூளைக்குப் போகும். வெளுத்த சாயத்தை மீண்டும் தோய்க்க வேண்டுமே, அதற்கு வேண்டிய சரக்குதான் ஜீவசத்து ஏ, அதாவது வைட்டமின் ஏ. விழித்திரையில் அது இருப்பதை 1933-ல் கண்டவர் ஜார்ஜ் வால்ட் என்ற விஞ்ஞானி. கண் பார்வை பற்றிய ஆராய்ச்சிக்காக 1967-ல் நோபல் பரிசு பெற்றார்.

சரக்கு தீர்ந்தால் முதலில் மாலைக்கண். அந்தி சாய்ந்ததும் பிள்ளை சுவரில் முட்டும், தட்டில் உள்ள சோற்றைத் தடவும். பிறகு கண்ணீர் வற்றி வெண்விழி காய்ந்து போகும். அதன் ஓரத்தில் நுரை போலச் சாம்பல் நிறப் புள்ளி தோன்றும். அதற்கும் மேலே போனால் கருவிழி இளகிக் கரைந்துவிடும். கரைந்தபின் எந்த டாக்டரும் அதைப் பழையபடி ஆக்க முடியாது. மாலைக்கண்ணில் இருக்கும்போதே சத்தைக் கொடுத்துவிட்டால் சில நாட்களிலேயே பார்வை திரும்பும். மணல்வாரி அம்மை கண்ட பிள்ளைக்கு இந்த ஆபத்து பன்மடங்கு. ஆகவேதான் அம்மை கண்ட பிள்ளைக்கு வைட்டமின் ஏ கொடுக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஊரில் நம் பாட்டிமார் மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுத்தார்கள். சில படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, உடம்பில் வைட்டமின் ஏ சேமிக்கப்படும் களஞ்சியம் ஈரல்தான். ஆட்டுக்கும் அதே, நமக்கும் அதே.

இந்தச் சத்து முழு வடிவத்தில் ஈரல், முட்டைக்கரு, பால் கொழுப்பு, மீன் எண்ணெய் இவற்றில் கிடைக்கிறது. செடி கொடிகளில் அப்படியே கிடையாது. அங்கே இருப்பது கரோட்டின் என்ற மஞ்சள் சாயம். 1831-ல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் காரட்டிலிருந்து பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர் வந்தது. 1930-ல் தாமஸ் மூர் என்ற ஆங்கிலேயர் எலிகளுக்கு அதைக் கொடுத்து, அவற்றின் ஈரலில் அது வைட்டமின் ஏ ஆக மாறியிருப்பதைக் காட்டினார். கரோட்டின் குடும்பத்தில் நூற்றுக்கணக்கான உறுப்பினர் உண்டு. பீட்டா கரோட்டின் வைட்டமின் ஏ ஆக மாறும். புட்டியில் எழுதியுள்ள லூட்டினும் ஸீயாஸாந்தினும் மாறா. அவற்றின் வேலை வேறு. அதற்குப் பிறகு வருகிறோம்.

பால் டின்னின் கதை

மலாயாவில் இந்தக் குருடு எப்படிப் பரவியது என்பதைக் கேளுங்கள். 1936-ல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் மலாயாவுக்கு வந்தார். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் தங்கக் கடற்கரை நாட்டில் பிள்ளைகளின் சத்துக் குறைவு நோய் ஒன்றை உலகுக்கு எடுத்துச் சொன்னவர். இங்கே சிங்கப்பூரில் அவர் கண்ட காட்சி என்ன? தாய்ப்பால் கொடுக்க வேண்டிய பெண்களிடம், தாதி உடை அணிந்த விற்பனைப் பெண்களை அனுப்பி, இனிப்பூட்டிய டின் பாலே உயர்ந்தது என்று சொல்ல வைத்தார்கள். அந்தப் பாலில் மலிவானது கொழுப்பு எடுத்த பால். கொழுப்பை எடுத்தால் அதில் கரைந்திருக்கும் வைட்டமின் ஏ-யும் கூடவே போய்விடுகிறது. எஞ்சியது சர்க்கரையும் வெள்ளை நீரும். பிள்ளைகள் கொழுகொழுவென்று இருப்பார்கள், கண் கரையும்.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பெரிய மனிதர்கள் நடுவே அந்த அம்மையார் பேசினார். பேச்சின் தலைப்பே "பாலும் கொலையும்" என்பது. இப்படிப்பட்ட பிரசாரத்தால் சாகும் பிள்ளைகளின் சாவைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு திரெங்கானுவில் வேலை செய்தார். ஜப்பானியர் வந்தபோது சாங்கிச் சிறையில் அடைபட்டார். தோட்டத்து ஆயாக் கொட்டகைகளில் நம் பிள்ளைகளுக்கு எந்த டின்னிலிருந்து பால் கலந்தார்கள் என்று இன்று கணக்குக் கேட்க ஆளில்லை. தாய் இருட்டில் எழுந்து மரத்துக்குப் போக வேண்டும். பிள்ளை கொட்டகையில் கிடக்க வேண்டும். டின் பால் வந்ததற்குக் காரணம் தாயின் அறியாமை மட்டுமல்ல, வேலை நேரமுந்தான்.

இன்றும் தேநீர்க் கடையில் ஊற்றும் இனிப்புப் பால் பலவற்றில் பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் கொழுப்பு. பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று டின்னிலேயே மலாய் மொழியில் அச்சிட்டிருக்கிறது. தே தாரிக்கில் ஊற்றிக் கொள்ளுங்கள். பச்சைப் பிள்ளையின் புட்டியில் ஊற்ற வேண்டாம்.

சென்னைக்குப் போன சிவப்பு எண்ணெய்

இனிச் சொல்லப் போவது நமக்கு மிகவும் பிடித்த பகுதி; கொஞ்சம் நீட்டிப் பேசினால் தலைவர் மணி அடிக்கக் கூடாது.

1930-களில் தமிழ்நாட்டில் குன்னூரில் ஓர் உணவு ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. பின்னாளில், 1958-ல், ஹைதராபாத்துக்கு இடம் மாறி இன்று தேசிய உணவூட்டக் கழகம் என்று பெயர் பெற்றிருப்பது அதுவே. அதன் தலைவராக இருந்தவர் டாக்டர் அய்க்ராய்டு. சென்னை அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரைட். கருவிழி கரையும் நோயோடு ஏழைப் பிள்ளைகள் அங்கே வந்தவண்ணம் இருந்தார்கள். சீமையிலிருந்து வரும் மீன் எண்ணெய்தான் மருந்து. விலையும் அதிகம், பிள்ளைகளுக்கு அதன் நாற்றமும் ஆகாது. இவர்கள் இருவரும் சிவப்புப் பாமாயிலை, அதாவது சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயை, மருந்தாகக் கொடுத்துப் பார்த்து, 1937-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி ஏட்டில் எழுதினார்கள். எண்ணெயில் இருக்கும் கரோட்டினே கண்ணைக் காக்கும் மருந்தாயிற்று.

தோழர்களே, அந்த வருஷத்தை எண்ணிப் பாருங்கள். மலாயாவில் முதல் வியாபாரச் செம்பனைத் தோட்டம் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் 1917-ல் நடப்பட்டது. 1937-ல் இங்கே செம்பனை காய்த்துக் குலுங்குகிறது. எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறிச் சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் போகிறது. அதே நாட்டிலேயே பிள்ளைகள் கொழுப்பில்லாத டின் பாலைக் குடித்துக் கண்ணை இழக்கிறார்கள். மருந்து மரத்திலே தொங்குகிறது. நோய் மரத்தடியிலே கிடக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் செம்பனை பிறந்த மண்ணில் ஏழை வீட்டுக் குழம்பிலும் அந்தச் சிவப்பு எண்ணெய் மிதக்கும். மரத்தை இங்கே கொண்டு வந்தவர்கள் அந்தக் குழம்பைக் கொண்டு வரவில்லை.

இன்று நம் வீட்டில் இருப்பதும் பாமாயில்தானே என்று கேட்கலாம். பழத்தைப் பிழிந்த எண்ணெய் செக்கச் சிவந்திருக்கும்; மில்லில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், சட்டையில் பட்டால் போகாது. ஒரு கிலோ பச்சை எண்ணெயில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் வகைகள் உண்டு. ஆனால் கடைக்கு வருமுன் களிமண் பொடியால் வெளுக்கிறார்கள், பிறகு கடும் சூட்டில் நாற்றம் நீக்குகிறார்கள். நிறம் போகிறது, நிறத்தோடு கரோட்டினும் போகிறது. வெள்ளையாக இருந்தால்தான் சுத்தம் என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். அரிசியைத் தீட்டித் தவிட்டை இழந்தோம், எண்ணெயை வெளுத்துக் கரோட்டினை இழந்தோம்.

குறைந்த சூட்டில் சுத்திகரித்து, கரோட்டின் பெரும்பாலும் தங்கும்படி செய்த சிவப்புப் பாமாயில் நம் நாட்டிலேயே தயாராகிறது, கடைகளிலும் கிடைக்கும். விலை கூடுதல். ஆனால் மாதம் முழுவதும் பொரிக்க அது வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஒரு சிறு பிள்ளையின் அன்றைய வைட்டமின் ஏ தேவையை ஏறக்குறைய நிறைவு செய்துவிடும். இறக்கி வைத்த பருப்பிலோ கீரையிலோ விட்டுக் கிளறினால் போதும். ஹைதராபாத்தில் 1990-களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணெயில் பலகாரம் செய்து கொடுத்துப் பார்த்து, அவர்கள் உடம்பில் வைட்டமின் ஏ ஏறியதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: மில்லிலிருந்து பச்சை எண்ணெயைத் தெரிந்தவர் மூலம் புட்டியில் பிடித்துக் கொண்டு வர வேண்டாம். அது சாப்பாட்டுக்குத் தயார் செய்த சரக்கல்ல. புளித்திருக்கும், யந்திர அழுக்கும் கலந்திருக்கும்.

கண்ணோடு உயிரும்

இந்தச் சத்து கண்ணை மட்டும் காப்பதல்ல. நமக்கு எதிர்க் கரையில் இருக்கிறது சுமத்திராவின் அச்சே. அங்கே 450 கிராமங்களில் ஆல்பிரட் சாம்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவரும் இந்தோனேசிய மருத்துவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ. மற்றக் கிராமங்களில் அப்போது இல்லை. 1986-ல் முடிவு வெளிவந்தது. சத்துக் கொடுத்த கிராமங்களில் பிள்ளைச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உலகம் நம்பவில்லை, இரண்டு காசு மருந்து உயிரைக் காக்குமா என்றது.

நம்பாதவர்களுக்குப் பதில் தமிழ்நாட்டிலிருந்து போயிற்று. திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் 15,419 பிள்ளைகளை வைத்து ஒரு வருஷம் சோதித்தார்கள். பெரிய அளவு மருந்தல்ல. நல்ல சாப்பாட்டில் ஒரு வாரத்தில் கிடைக்கக் கூடிய சிறிய அளவை வாரந்தோறும் வாயில் ஊற்றினார்கள். 1990-ல் வெளியான முடிவு: சாவு பாதிக்கும் கீழே இறங்கியது, 54 சதவிகிதம் குறைவு. நல்ல சாப்பாடு கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்பதே இதன் பொருள். தொழிற்சங்கக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்தச் சோதனைக்குப் பின்னால் நின்றது மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. அதை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப் போயும் கத்தி பிடித்து லட்சம் பேருக்கு மேல் கண் அறுவை செய்தவர். கருவிழி கரைந்து வரும் பிள்ளைகளைக் கண்டு, 1970-களின் தொடக்கத்திலேயே மதுரையில் பிள்ளைகளையும் தாய்மார்களையும் சேர்த்துத் தங்கவைத்து, கீரை சமைக்கக் கற்றுக் கொடுத்து அனுப்பினார். இந்திய அரசாங்கமும் 1970 முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

நம் நாட்டில் இந்த நோய் இன்று அரிது. அடியோடு ஒழிந்தது என்று சொல்ல மாட்டோம். ஒரே வகைத் தீனியைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைகளிடம் இன்னும் இதைக் காண்பதாக இந்நாட்டுக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பொரித்த கோழி, வெள்ளைச் சோறு, இனிப்புத் தண்ணீர்: வேறெதுவும் இறங்காது என்று செல்லம் கொடுக்கும் வீடுகள் இதை நினைவில் வைக்கட்டும்.

கீரையைப் பற்றி ஒரு வார்த்தை. லயத்துக்குப் பின்னால் முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி, பப்பாளி, பூசணி வைத்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அவை நல்ல சரக்குகள். ஆனால் கீரையில் உள்ள கரோட்டின் நாரோடு பின்னிக் கிடப்பது, எளிதில் பிரியாது. 1995-ல் மேற்கு ஜாவாவில் தாய்மார்களுக்குத் தினமும் கீரை கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் வைட்டமின் ஏ எதிர்பார்த்தபடி ஏறவில்லை. இன்றைய கணக்கு இது: எண்ணெயில் கரைந்த பீட்டா கரோட்டின் இரண்டு பங்கு இருந்தால் ஒரு பங்கு வைட்டமின் ஏ ஆகும், கீரை, காய்கறியில் இருந்தால் பன்னிரண்டு பங்கு வேண்டும். ஆகவே கீரையை நன்றாக வேக வைத்து, மசித்து, எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சாப்பிட வேண்டும். வெறும் தண்ணீரில் அலசிய கீரை பாதி வீண். பப்பாளி, மாம்பழம், பூசணி, மஞ்சள் சர்க்கரைவள்ளி இவற்றிலிருந்து கரோட்டின் கீரையைவிட எளிதாக உடம்பில் சேரும். ஒரு முட்டை இருந்தால் இன்னும் மேல்.

சாயூர் மானிஸ் என்று மலாய்க்காரர் சொல்லும் தவசிக் கீரை நம் பக்கத்தில் நிறைய. சமைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. பச்சையாக அரைத்துச் சாறு குடிக்காதீர்கள். 1990-களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க அந்தச் சாற்றைக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப் போயிற்று, சிலர் இறந்தார்கள். "இலைதானே" என்று எதையும் எண்ணிவிடக் கூடாது.

மறுபடியும் புட்டிக்கு

இப்போது லூட்டினுக்கு வருவோம். விழித்திரையின் நட்ட நடுவில், எழுத்துப் படிக்கவும் முகம் அறியவும் உதவும் இடத்தில், ஒரு மஞ்சள் பொட்டு இருக்கிறது. அந்த மஞ்சள் லூட்டினும் ஸீயாஸாந்தினுமே. வயதானபின் சிலருக்கு அந்த இடம் தேய்ந்து போகிறது. அதற்கு மாத்திரை உதவுமா என்று அமெரிக்க அரசாங்கத்தின் கண் ஆராய்ச்சிக் கழகம் பெரிய சோதனைகள் நடத்தியது. 2001-ல் வந்த முதல் முடிவு: நடுத்தர அளவில் தேய்வு உள்ளவர்களுக்கு, பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம், செம்பு சேர்ந்த மாத்திரை, நோய் முற்றும் அபாயத்தை ஐந்து வருஷத்தில் சுமார் 25 சதவிகிதம் குறைத்தது. நோய் இல்லாதவர்களுக்கும், ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும் பயன் தெரியவில்லை. 2013-ல் வந்த இரண்டாவது முடிவில் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டின் 10 மில்லிகிராம், ஸீயாஸாந்தின் 2 மில்லிகிராம் வைத்தார்கள். கண்புரையை இந்த மாத்திரை தடுக்கவில்லை என்பதும் அதே சோதனையில் தெரிந்தது.

பீட்டா கரோட்டினை ஏன் எடுத்தார்கள்? சிகரெட் பிடிக்கிற தோழர்கள் காது கொடுத்துக் கேளுங்கள். பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களுக்கு, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் கணக்கெடுத்தபோது, மாத்திரை தின்றவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்! அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவிகிதம் அதிகம் என்று கண்டு, 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள். காரட்டிலும் பூசணியிலும் இருக்கும்போது தீங்கு செய்யாத அதே சரக்கு, மாத்திரையாகிப் புகைகாரன் உடம்பில் போனால் எமனாகிறது. நாம் கையில் வைத்திருக்கும் புட்டியில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. புகை பிடிப்பவருக்கு ஆகாது என்ற எச்சரிக்கை ஓர் எழுத்துக்கூட இல்லை.

கர்ப்பிணிகளுக்கும் ஒன்று. வைட்டமின் ஏ மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. தினம் 10,000 அலகுக்கு மேல் போனால் கருவில் உள்ள பிள்ளைக்கு ஊனம் நேரலாம். தினமும் ஈரல் தின்பதும் அந்த மாதங்களில் வேண்டாம். பழமும் கீரையும் எவ்வளவு தின்றாலும் விஷமாகாது. மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், கண் வெள்ளையாகவே இருக்கும், கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

காரட் தின்றால் இருட்டில் பூனை போலப் பார்க்கலாம் என்ற பேச்சு எங்கிருந்து பரவிற்று தெரியுமா? இரண்டாம் உலக யுத்தத்தில் ஆங்கிலேய விமானிகள் இரவில் ஜெர்மானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். விமானத்தில் ரேடார் கருவி இருந்த ரகசியத்தை மறைக்க, எங்கள் விமானி காரட் தின்கிறான் என்று பத்திரிகையில் சொல்லி வைத்தார்கள். யுத்தம் முடிந்து எண்பது வருஷம் ஆகிறது. அந்தப் புளுகு இன்னும் விலை போகிறது.

சரி, நம் வயதானவர்களுக்குப் பார்வை மங்குவது எதனால்? 2014-ல் நம் நாட்டில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த கண் கணக்கெடுப்பில், குருட்டுக்குக் காரணங்களில் பாதிக்கு மேல் கண்புரை. பத்தில் ஒரு பங்கு சர்க்கரையால் வரும் விழித்திரை நோய். கண்புரைக்கு மாத்திரை இல்லை, சொட்டு மருந்தும் இல்லை. அறுவை செய்து செயற்கை வில்லை வைப்பதே வைத்தியம். சர்க்கரைக் கண்ணுக்கு முதலில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்ட வேண்டும். பிறகு லேசர், ஊசி. 2019-ம் வருஷக் கணக்கில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் நம் இந்தியர்களுக்கு. விளையாட்டிலும் படிப்பிலும் வாங்க வேண்டிய முதலிடத்தை இதிலே வாங்கி வைத்திருக்கிறோம்.

சர்க்கரைக் கண்ணில் ஒரு சூழ்ச்சி உண்டு. கெடும்போது வலிக்காது, மங்கவும் மங்காது. மங்கல் தெரியும்போது பாதி காரியம் முடிந்திருக்கும். ஆகவே சர்க்கரை உள்ளவர் பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் சீட்டு ஒரு வெள்ளி. அங்கே படமெடுக்கும் கருவி இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். புட்டி நூற்றறுபது வெள்ளி, சீட்டு ஒரு வெள்ளி. ஆனால் ஒரு வெள்ளிச் சீட்டுக்கு அரை நாள் கூலி போகிறது, வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, தோட்டத்திலிருந்து பஸ் கிடைப்பதில்லை. விற்பனைத் தம்பியோ வீட்டு வாசலுக்கே வருகிறார், "அக்கா" என்று கூப்பிடுகிறார், உட்கார்ந்து கேட்கிறார். நம் மூதாட்டி ஏமாந்தது மாத்திரைக்கு மட்டுமல்ல, அந்த "அக்கா"வுக்கும் சேர்த்துத்தான். இதை நாம் மறந்துவிட்டு அவரைக் குறை சொல்லக் கூடாது.

ஆகவே ஒரு யோசனையை உங்கள் முன் வைக்கிறோம். கை தூக்கிச் சொல்லுங்கள். இந்த மண்டபத்தை மருந்து விற்பவர்களுக்கு இனி வாடகைக்கு விடுவதில்லை. அந்தத் தேதிகளில் சர்க்கரை உள்ளவர்களின் பெயரை எழுதி, கிளினிக்கில் முறை வாங்கி, வேன் வைத்து அழைத்துப் போவது. வேனுக்குச் சந்தா, தலைக்கு எவ்வளவு என்பதைச் செயலவை முடிவு செய்யட்டும். முதல் வேனில் அந்த மூதாட்டியே முன் சீட்டில் உட்கார்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கண்ணுக்கு மறு பரிசோதனை இருக்கிறது.

பேச்சு இவ்வளவே. வீட்டிலிருந்து மாத்திரைப் புட்டிகளைக் கொண்டு வரும்படி முன்பே சொல்லியிருந்தோம். கொண்டு வந்தவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். சீட்டை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்போம். சிகரெட் பிடிப்பவர்கள் முதலில் வரட்டும்.